பழைய செயலியின் சாட்சி

செயலி என்ற சொல்லை இப்போதெல்லாம் தயங்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் கணித்தமிழ்ச் சொற்களுக்காக நண்பர்கள் மடற்குழுக்களில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அது சிலருக்கு ப்ராசஸர், வேறு சிலருக்கு மென்பொருள். கைபேசி வந்து அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது. இன்று வகுப்பறையில் செயலி என்றால் மாணவர்கள் கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்பைத்தான் நினைக்கிறார்கள். நான் இங்கே எழுதப்போவது பழைய பொருளிலான செயலியைப் பற்றி. கணினிப் பெட்டிக்குள், தாய்ப்பலகையின் நடுவே, விசிறியின் அடியில் உட்கார்ந்திருக்கும் நான்கு சென்டிமீட்டர் சதுரத் துண்டு அது. அதை மாற்றப்போய்க் கணினி கண் திறக்காமல் போன கதை இது. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

கணினி விழித்தெழுவதை பூட் ஆவது என்கிறார்கள். காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்ற நடக்காத காரியத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடர் ஒன்றிலிருந்து பிறந்த சொல். பொருத்தமானதுதான். இயக்குதளத்தை வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். இப்படியே பின்னோக்கிப் போனால் முதல் நிரலை ஏற்றுவது யார்? அதற்காகத் தாய்ப்பலகையிலேயே ஒரு சிறு சில்லில் நிலையாக எழுதப்பட்ட நிரல் ஒன்று இருக்கிறது. அதுதான் பயாஸ். 1970களில் கேரி கில்டால் தம் சிபி/எம் இயக்குதளத்துக்காகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். இன்றைய பலகைகளில் இருப்பது யூஇஎஃப்ஐ என்னும் அதன் வாரிசு என்றாலும் கடைவீதியில் பழைய பெயரே நிற்கிறது. தமிழில் பூட்டுதல் என்றால் ஏரில் மாட்டைப் பூட்டுவதும் உண்டு, கதவைப் பூட்டுவதும் உண்டு. என் கணினி விஷயத்தில் எல்லாப் பூட்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கணினி 2019-இல் மதுரையில் உதிரிகள் வாங்கிப் பூட்டியது. ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி செயலி, பி450 வகைத் தாய்ப்பலகை, ஒரு டெராபைட் வன்தட்டு. பாடம் தயாரிக்கவும் கட்டுரை எழுதவும் அது போதும், இன்றைக்கும் போதும். ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலிலோ 2200ஜி இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று, பட்டியலில் பெயர் இல்லாத காரணத்தால் ஒரே நாளில் பழையதாகிவிட்டது. மீட்டர் பாதையில் ஓடிக்கொண்டிருந்த மதுரை – போடி ரயிலை அகலப்பாதை போடுவதற்காக 2010 டிசம்பர் 31-உடன் நிறுத்தினார்கள். மறுபடியும் போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-இல். மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பன்னிரண்டரை ஆண்டுகள் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

பலகையை வைத்துக்கொண்டு செயலியை மட்டும் மாற்றலாம், அதே ஏஎம்4 பொருத்துவாயில் ரைசன் 5 5600ஜி உட்காரும் என்று சொன்னவன் என் பழைய மாணவன். எங்கள் துறையில் முதுகலை முடித்துவிட்டு மலைமேல் ஒரு ஏலத் தோட்டத்தில் கணக்கெழுதுகிறான். கணினி அவனுக்குக் கைவந்த கலை. ஒருவரிடமும் போய்ப் படித்ததில்லை. எனக்கும் ஒரு தேவை இருந்தது. ஒலியைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் விஸ்பர் என்ற மென்பொருளை 2022-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்டது. இணையத்துக்கு எதையும் அனுப்பாமல் நம் கணினியிலேயே அதை ஓட்டலாம். தமிழும் ஓரளவு தெரியும். பழைய செயலியில் ஒரு பாட்டைக் கொடுத்தால் இரவு முழுவதும் எடுத்துக்கொண்டது.

பாட்டு என்று சொன்னேன். அந்த வன்தட்டில் இருந்தவை அவைதாம். போடியிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, மெட்டைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளுக்குப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்பும் பெண்களிடமிருந்து 2003 முதல் நான் பதிவு செய்து வருபவை. தெம்மாங்கு, தாலாட்டு, பெரும்பாலும் ஒப்பாரி. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாடியிருக்கிறார்கள். பாதிப் பேர் இன்று இல்லை. முதலில் பதிந்த ஒலிநாடாக்கள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போனதால் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றியிருந்தேன். ஒலிகளின் பிரதி ஒன்று வேறொரு வட்டிலும் உண்டு. ஆனால் அவற்றின் எழுத்து வடிவம், பாடியவர்களிடமே திரும்பப் போய்க் கேட்டு எழுதிய திருத்தங்கள், எந்தச் சாவுக்கு யார் பாடியது என்ற விவரம், இவையெல்லாம் வீட்டில் இருந்த இந்த ஒரு பெட்டியில்தான்.

ஒப்பாரி சேகரித்தவர்களுக்குத் தெரியும், பாட்டோடு பாட்டாக வேறு பலவும் வந்து சேரும். கங்காணி செய்த கொடுமை, கூடப்பிறந்தவன் ஏமாற்றி எழுதி வாங்கிய வீடு, யாருக்கும் தெரியாமல் கலைத்த கரு. பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்துத்தான் எழுதினேன். ஆகவே 2020-இல் அந்த மாணவன் வன்தட்டு முழுவதையும் பிட்லாக்கர் கொண்டு மறையாக்கம் செய்து கொடுத்தான். வட்டை யாரேனும் கழற்றிக்கொண்டு போய் வேறு கணினியில் மாட்டினால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் தெரியும். சொந்தக் கணினியில் மாட்டியிருக்கும்வரை பூட்டு இருப்பதே தெரியாது.

புதிய செயலி வந்து சேர்ந்தது நவம்பரில் ஒரு புதன்கிழமை. மாலையில் மாணவன் வந்தான். பழைய செயலியைக் கழற்றி, தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதியதை வைத்து, விசிறியை முறுக்கி முடிக்கும் நேரம் பார்த்து மழையும் மின்வெட்டும் சேர்ந்து வந்தன. அவனுக்குக் கடைசிப் பேருந்து போய்விடும். பழைய செயலி அவனுக்கென்று முன்பே பேசியிருந்தது. தங்கையின் படிப்புக்காகச் செயலி இல்லாத ஒரு பழைய பலகையை வாங்கி வைத்திருந்தான். "கரண்ட் வந்ததும் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கய்யா, வந்துரும்" என்று சொல்லிவிட்டு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

மின்சாரம் இரவு பத்து மணிக்கு வந்தது. விசிறி சுழன்றது. வன்தட்டு முனகியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பலகையின் ஓரத்தில் சிபியு என்று அச்சிட்ட இடத்தருகே ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. அடுத்த இரண்டு நாட்களில் இணையத்தில் படித்தவை, சக ஆசிரியர்கள் சொன்னவை என எல்லாமே நடந்தன. ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். செயலிக்கென்று தனியாக வரும் எட்டு முள் மின்கம்பியை எடுத்து மாட்டினேன். சீமாஸ் பேட்டரியைக் கழற்றி அரைமணி நேரம் வெளியே வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாணவனின் கைபேசியோ தொடர்பு எல்லைக்கு வெளியே. ஏல அறுவடை உச்சத்தில் இருக்கும் மாதம். அவன் ஸ்டோரில் இருப்பான்.

பெட்டியை ஒரு கடைக்குத் தூக்கிப்போனேன். கடைத் தம்பி வேறு ரேமும் வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மாட்டிப் பார்த்தார். "டிஸ்ப்ளேயே வரல சார். போர்டு போயிருச்சு. பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோங்க, கொஞ்சம் கழிச்சுத் தர்றேன்" என்றார். மருத்துவர் கைவிரித்ததுபோல் ஒரு தொனி. அதில் அவரைக் குறைசொல்ல அதிகம் இல்லை. விலைக்குறைப்பு நியாயமாகவே இருந்தது. மறுநாள் சொல்கிறேன் என்று பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அன்றிரவு மாணவன் அழைத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் முதலில் சொன்னது: "போர்டைக் குடுத்துராதீங்கய்யா. சாவியில பாதி அதுலதான் இருக்கு."

அந்தப் பலகை சாகவில்லை. வந்தவர் யார் என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்ததும் இவ்வகைச் செயலிகளில் முதலில் விழிப்பது உள்ளே தனியாக இருக்கும் ஒரு சிறு காவல் செயலி. அது பயாஸ் சில்லைத் திறந்து, தன் இனத்துக்கென்று எழுதிய குறிப்புகளைத் தேடும். நினைவகத்தை எப்படி எழுப்புவது, எந்த மின்னழுத்தம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். என் பலகையின் பயாஸ் 2019-இல் எழுதியது. 5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். தன் பெயரே இல்லாத ஏட்டில் அது எதைத் தேடும்? பேசாமல் நின்றுவிட்டது. துளைகள் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று நாம் நினைக்கிறோம். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017-இல் வந்தபோதும் இதே கதைதான். பொருத்துவாயின் பெயர் பழையதே, முள் எண்ணிக்கை பழையதே, ஆனால் பழைய பலகைகளில் அவை எழவில்லை.

பயாஸைப் புதுப்பித்தால் போதும். ஆனால் என் பலகையில் அதைச் செய்யப் பலகை முதலில் எழ வேண்டும். எழ வேண்டுமானால் அதற்குத் தெரிந்த ஒரு செயலி வேண்டும். அதாவது புதியவரை வீட்டுக்குள் விடுவதற்குப் பழையவர் வந்து "இவர் நம்ம ஆள்" என்று சொல்ல வேண்டும். செயலியே இல்லாமல் பயாஸை எழுதிக்கொள்ளும் பொத்தான் உள்ள பலகைகளும் உண்டு. என்னுடையது அந்த வகை அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. இன்று சாட்சி சொல்ல வேண்டிய 2200ஜி, 2018 பிப்ரவரியில் வெளிவந்தபோது அதுவே இப்படி வாசலில் நின்ற புதுமுகம். கடைகளில் கிடந்த பலகைகள் அதற்கு முந்தைய ஆண்டின் பயாஸுடன் இருந்தன. வாங்கிப் பொருத்தியவர்களுக்குத் திரை வரவில்லை. புதுப்பிக்கப் பழைய செயலி வேண்டும். முதன்முறையாகக் கணினி பூட்டுபவரிடம் பழைய செயலி ஏது? ஏஎம்டி அப்போது ஒரு காரியம் செய்தது. ஏ6-9500 என்ற எளிய செயலி ஒன்றைக் கேட்பவர்களுக்குக் கடனாக அனுப்பியது. அதை மாட்டிப் பலகையை எழுப்பி, பயாஸைப் புதுப்பித்துவிட்டு, திருப்பி அனுப்பிவிட வேண்டும். அறிமுகம் செய்துவைப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டு அஞ்சலில் வந்து போன அந்தச் செயலியை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

பிறகு 2020 மே மாதத்தில் இன்னொரு வழக்கு. அந்த ஆண்டின் இறுதியில் வரவிருந்த புதிய தலைமுறைச் செயலிகள் என்னுடையதைப் போன்ற 400 வரிசைப் பலகைகளில் ஓடாது என்று நிறுவனம் அறிவித்தது. சொன்ன காரணம் இடப்பற்றாக்குறை. இவ்வகைப் பலகைகள் பலவற்றில் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட். கைபேசியில் எடுக்கும் நான்கைந்து படங்களுக்கு ஆகும் இடம். ஒரே பொருத்துவாயில் 2016 முதல் வந்த அத்தனை செயலிகளின் குறிப்புகளையும் அதற்குள் அடக்க வேண்டும். வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். அந்த மாதத்திலேயே நிறுவனம் இறங்கிவந்தது. ஆனால் நிபந்தனை ஒன்று இருந்தது: புதியவர்களுக்கு இடம் கொடுக்கப் பழைய செயலிகள் பலவற்றின் குறிப்புகள் நீக்கப்படலாம், போனவழி திரும்ப முடியாது. ஆக, தன்னை அறிமுகம் செய்துவைத்தவரையே அடையாளம் தெரியாத நிலைக்குப் பலகை போய்விடக்கூடும். தமிழ் இலக்கிய வரலாறு நடத்துகிறவனுக்கு இது புதுச் செய்தியில்லை. புதிய ஏடு எழுதுகிறவர்களுக்கும் ஓலை ஓர் அளவுக்குத்தான் இருந்தது. எதைப் படியெடுப்பது என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் முடிவு செய்தார். படியெடுக்காதது போனது.

மாணவன் சொன்ன சாவிக்கு வருகிறேன். பிட்லாக்கரின் சாவி எஃப்டிபிஎம் என்னும் பெட்டகத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டகம் இயங்குவது செயலிக்குள். ஆனால் அதன் சரக்கு எழுதப்பட்டிருப்பது பலகையின் பயாஸ் சில்லில், அந்தக் குறிப்பிட்ட செயலிக்கு மட்டுமே உரிய இரகசியத்தால் மறையாக்கம் செய்யப்பட்டு. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் திறக்கும். பலகையைக் கடையில் கொடுத்திருந்தால் மலைமேல் இருக்கும் செயலியால் பயனில்லை. அங்கே செயலிக்கு ஏதேனும் நேர்ந்தால் இங்கே பலகையால் பயனில்லை. "ரெக்கவரி கீ பேப்பர் இருக்குங்களாய்யா?" என்று கேட்டான். இருந்தது.

அதை இருந்தது என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. எல்லாம் கெட்டுப்போனால் தட்டச்சு செய்து திறப்பதற்காக 48 இலக்க எண் ஒன்றை பிட்லாக்கர் தருகிறது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். 2020-இல் மை தெளிக்கும் அச்சுப்பொறியில் எடுத்த தாள். மறு ஆண்டு மழையில் ஓடு ஒழுகியபோது அந்தப் பெட்டியிலும் நீர் இறங்கியது. ஐந்து தொகுதிகள் தெளிவாக இருந்தன. ஒன்றில் ஓர் இலக்கம் கரைந்திருந்தது. இரண்டு தொகுதிகள் ஊதா நிறக் கறையாக மட்டும் எஞ்சியிருந்தன.

சிதைந்த ஏட்டின் முன் உட்கார்வது எங்களுக்குப் பழக்கமான வேலை. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தபோது பட்டதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அனுபவம்போல் ஆகிவிட்டது. செய்யுளில் ஓர் எழுத்து செல்லரித்துப் போனால் எதுகை காட்டிக்கொடுக்கும்; தளை தட்டினால் சீர் குறைவது தெரியும்; வேறு சுவடியில் அதே வரி கிடைத்தால் ஒப்பிடலாம். எண்ணுக்கு எதுகை ஏது? இப்படி நான் தொலைபேசியில் அங்கலாய்த்தபோது அவன் சிரித்தான். இருக்கிறதாம். ஒவ்வோர் ஆறு இலக்கத் தொகுதியும் பதினொன்றால் மீதமின்றி வகுபட வேண்டும். தவறாக அடித்தால் கண்டுபிடிப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அதுதான் இதன் யாப்பு.

எடுத்துக்காட்டாக, 2, 9, 4, பிறகு கரைந்த ஓர் இடம், பிறகு 1, 7 என்று வைத்துக்கொள்வோம் (என் பூட்டின் எண் இதுவல்ல). ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்ட வேண்டும். 2, 4, 1 சேர்ந்தால் 7. 9, 7 சேர்ந்தால் 16. அதனுடன் தெரியாத இலக்கம். இரண்டு கூட்டுத்தொகைக்கும் உள்ள வேறுபாடு பூச்சியமாகவோ பதினொன்றாகவோ இருக்க வேண்டும். 18 ஆனால்தான் வேறுபாடு 11. ஆகவே கரைந்தது 2. எண் 294217. வகுத்துப் பார்த்தால் 26747, மீதம் இல்லை. இப்படி என் தாளில் ஒரு தொகுதி மீண்டது. பாடம் தீர்மானித்த பதிப்பாசிரியனின் மகிழ்ச்சி இரண்டு நிமிடம் இருந்தது. முழுவதும் கரைந்த தொகுதிகளுக்கு யாப்பு உதவாது. ஒரு தொகுதிக்கு 65,536 வாய்ப்புகள். இரண்டு தொகுதிகள் என்றால் 429 கோடிக்கு மேல். ஒவ்வொரு முயற்சியும் வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்டது. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்களும், பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை கிடைக்காததைப் போல, அவை இரண்டும் போனவைதான்.

சனிக்கிழமை விடிகாலை முதல் பேருந்தில் மலையேறினேன். முந்தல் தாண்டியதும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முன்னும் பின்னும் ஜீப்புகள். தலையில் துண்டு கட்டிய பெண்கள், மடியில் தூக்குவாளி. என் பதிவுகளில் குரலாக மட்டும் இருப்பவர்களில் பலர் இந்தச் சாலையில் இருபது முப்பது ஆண்டுகள் இப்படிப் போய்வந்தவர்கள். போடிமெட்டைக் கடந்து பூப்பாறைச் சாலையில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் நடந்தேன். ஸ்டோரின் வாசனை அரைக் கிலோமீட்டருக்கு முன்பே வந்துவிடும். பச்சைக்காய் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். ஒரு நாளுக்கு நெருக்கமாக மிதமான சூட்டில் இருக்க வேண்டும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் ஏலத்தில் விலை போய்விடும். அவன் இரவெல்லாம் அந்தச் சூட்டைக் காவல் காத்துவிட்டுச் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தான்.

லயத்தில் அவன் தங்கை செயலியைத் தன் கணினியில் பொருத்தி இரண்டு நாட்களாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பக்கம் திரையில் பாதி நிரப்பி இருந்தது. அதை முடித்துக் கொடுக்கும்வரை காத்திருந்தோம். பின்பு அவளே இயந்திரத்தை அணைத்து, செயலியைக் கழற்றி, புதிய செயலி வந்த நெகிழிக் கூட்டில் வைத்துக் கொடுத்தாள். அதன் அடியில் 1331 ஊசிகள். தலைமுடியைவிடச் சற்றே தடிப்பு. ஒன்று வளைந்தாலும் போயிற்று. பதினேழு வளைவுகளிலும் அவன் சட்டைப்பையின் மேல் கையை வைத்தபடியே வந்தான். பேருந்து திரும்பும்போதெல்லாம் நான் அவன் பக்கம் சாயாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பழைய செயலி உட்கார்ந்ததும் பலகை எழுந்தது. எந்தச் சண்டையும் இல்லை. பயாஸ் திரையை நான்கு நாட்களுக்குப் பிறகு பார்த்ததில் எனக்கு உடனே புதுப்பித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு. "இருங்கய்யா, மொதல்ல வீட்டைத் தெறப்போம்" என்றான். புதுப்பிக்கும்போதே எஃப்டிபிஎம் பெட்டகம் அழிந்துபோக வாய்ப்புண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே முதலில் விண்டோஸுக்குள் போக வேண்டும். போனோம். நீலப்பக்கம் வந்து 48 இலக்க எண்ணைக் கேட்டது.

அந்த அரை நிமிடத்தை வர்ணிக்கத் தேவையில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். பேட்டரியைக் கழற்றி வைத்ததில் பயாஸின் அமைப்புகள் எல்லாம் பிறந்தநாள் நிலைக்குப் போயிருக்கும்; அந்தப் பலகையில் பிறந்தநாள் நிலை என்பது எஃப்டிபிஎம் அணைத்திருப்பது. பெட்டகம் அழியவில்லை, கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே போய் அதை இயக்கி, மற்ற அமைப்புகளையும் 2020-இல் தான் வைத்திருந்தபடி ஒவ்வொன்றாக நினைவிலிருந்து மாற்றினான். மறுபடி தொடக்கியதும் எந்தக் கேள்வியும் இல்லாமல் திரையில் என் பழைய படம் வந்தது: கொட்டகுடி ஆறு, யாரோ ஒரு சிறுவன், நனைந்த நாய்.

முதலில் எல்லாவற்றையும் வெளி வட்டு ஒன்றுக்குப் படியெடுத்தோம். பிறகு மறையாக்கத்தை முழுவதும் நீக்கக் கட்டளை கொடுத்தான். வன்தட்டு மெதுவானது, விடியும்வரை ஆகும் என்றது விழுக்காட்டுக் கணக்கு. அவன் தூங்கவில்லை. கோப்புகளின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு பெயரில் நின்றான். அவன் அம்மாச்சியின் பெயர். 2006-இல் நான் பதிந்தது. அப்போது அவன் சிறுவன். பிற்பாடு என் மாணவனானபோதும் அதைக் கேட்க வேண்டும் என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது போடட்டுமா என்றேன். தலையசைத்தான்.

எட்டு நிமிடப் பாட்டு. இடையில் ஓர் இருமல், தூரத்தில் ஜீப்பின் ஒலி. பழைய செயலியில் ஓரிரவு முழுவதும் ஓட்டிப் பார்த்த கணினிப் பிரதி பக்கத்தில் திறந்திருந்தது. பாட்டு முடிந்தபின் அவன் அழவில்லை. திரையில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது மரம் இல்லீங்கய்யா, சரம்" என்றான். ஏலத்தின் பூங்கொத்து உச்சியில் வராது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து ஓடும். மலையில் அதற்குப் பெயர் சரம். நாளெல்லாம் குனிந்தபடியே காய் எடுக்க வேண்டியிருப்பது அதனால்தான். இறந்துபோன மகளை அந்தக் கிழவி அதோடு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறாள். மென்பொருளின் பட்டியலில் அந்தச் சொல் அந்த இடத்துக்கு உரியதாக இல்லை; தனக்குத் தெரிந்த மரத்தை எழுதிவைத்திருந்தது.

ஞாயிறு பிற்பகலில் மின்வெட்டு வராது என்று உறுதியான ஒரு நேரத்தில், இன்வெர்ட்டரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பென்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பித்தோம். ஐந்து நிமிடம். இடையில் மின்சாரம் போனால் கடைத் தம்பியின் தீர்ப்பு உண்மையாகிவிடும். போகவில்லை. பழைய செயலியை மறுபடி கழற்றிப் புதியதை வைத்தோம். திரை வந்தது, உடனே ஒரு கேள்வியும் வந்தது. புதிய செயலி பொருத்தப்பட்டிருக்கிறது. பெட்டகத்தை அழித்துப் புதிதாகத் தொடங்க ஒய் அழுத்தவும், பழைய பதிவை வைத்துக்கொள்ள என் அழுத்தவும். மறையாக்கம் செய்த வட்டு இருந்தால் மீட்பு எண் இல்லாமல் திறக்க முடியாது. வட்டில் இப்போது பூட்டு இல்லை. ஆனாலும் அவன் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே அழுத்துங்கய்யா" என்றான். ஒய் அழுத்தினேன்.

புதிய பூட்டு போட்டாகிவிட்டது. மீட்பு எண்ணைக் கறுப்பு மையில் கையால் எழுதிக் கண்ணாடித்தாள் ஒட்டி மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்; அவற்றில் ஒன்று மலையில். பழைய செயலி அன்று மாலையே தங்கைக்குப் போய்விட்டது. விண்ணப்பமும் அனுப்பிவிட்டாளாம். புதிய செயலியில் ஒரு பாட்டு, காப்பி குடித்து முடிப்பதற்குள் எழுத்தாகிவிடுகிறது. தவறுகள் அப்படியே இருக்கின்றன. மரம் என்று வந்திருக்கும் இடங்களை எல்லாம் தேடி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொரு இடத்தில் சரம். நான்கு இடத்தில் மரமேதான். ஒன்றில் இரண்டுமில்லை, பாடியவர் குரங்கணிப் பக்கம் இருக்கிறார், காது சரியாகக் கேட்காது, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.